பாண்டிருப்பில் போட்ட கதிரை

மருதமுனை
03.11.2024

அன்புள்ள பேரன் ஷிப்லிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மூத்தாப்பா கச்சிமுகம்மது சொல்ல, போட்டோக்கொப்பிக் கடை பஹ்மிதா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்துக்கு அல்லாஹ் பொறுப்பு.

போனில் உன்னோடு கதைக்கச் சொல்லி உன் உம்மா ஹாஜறா அதைக் காதில் வைத்து அமுக்குகிறாள். தேன்கூட்டை வைத்தது போல எனக்கு இரைச்சல்தான் கேட்கிறது. கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பலாம் என்று பஹ்மிதா சொல்கிறாள். படம் என்றால் அவளுடைய போனில் கிடக்கும். தாள் என்றால் என் மடியில் கிடக்கும். ஆகவே நீ தாளிலேயே எழுது. தபால் பிந்தினாலும் காரியமில்லை.

கம்பஸ் எப்படி? கண்டிப் பக்கத்துக் குளிர் எனக்குத் தெரியும். எழுபத்திரண்டில் நெல் லொறியோடு வந்து, உச்சி வெயிலில் பல்லு அடித்துக்கொண்டு நின்றவன் நான்.

உன்னோடு போடிங் அறையில் இருக்கும் பொடியன் கல்முனைப் பக்கத்தான் என்று ஹாஜறா சொன்னாள். எந்த ஊர், எந்த வீதி, யாருடைய மகன்? பெயரைச் சொல்லு. அவனுடைய மூன்று தலைமுறையை நான் சொல்கிறேன்.

தலையைத் துவட்டாமல் வெளியே இறங்காதே. தொழுகையை விடாதே.

மூத்தாப்பா


கண்டி
14.11.2024

அன்பின் மூத்தாப்பாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கடிதம் கிடைத்தது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உம்மா தைலம் தேய்த்துவிடுகிறாவா?

குளிர் நீங்கள் சொன்னது போலத்தான். கிணற்றுத் தண்ணீருக்குப் பழகிய உடம்பு, இங்கே குழாயைத் திறக்கவே யோசிக்கிறது. வகுப்பில் பாதிப் பேர் தும்முகிறார்கள். எனக்கும் கொஞ்சம் தடிமல். உம்மாவிடம் சொல்ல வேண்டாம், அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவா.

அறைக்காரன் நல்லவன். சோறு அவன் பொறுப்பு, கறி என் பொறுப்பு. சுபஹுக்கு அலாரம் அடித்து நான் எழும்பாவிட்டால் அவன்தான் என்னை உலுக்கி விடுவான். கல்முனைச் சந்தையைத் தாண்டிப் போனால் அவனுடைய வீடு.

அடுத்த மாதம் பரீட்சை. துஆச் செய்யுங்கள்.

ஷிப்லி


மருதமுனை
21.11.2024

அன்புள்ள பேரனுக்கு ஸலாம்.

முழங்கால் அப்படியே. மழை விடவில்லை. உனக்குக் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் கட்டிக் கண்டி பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். இரண்டையும் இடித்து அவித்துக் குடி. தடிமலுக்கெல்லாம் டொக்டரிடம் ஓடினால் மூக்கே சிரிக்கும்.

சந்தையைத் தாண்டினால் என்று எழுதியிருக்கிறாய். சந்தையைத் தாண்டினால் கிழக்கே கடல். அவன் மீனில்லை. மற்றத் திசைகளில் எது? அவன் உன்னைச் சுபஹுக்கு எழுப்பி விடுகிறான் என்று எழுதினாய், அவனும் தொழுகிறான் என்று எழுதவில்லை. எனக்கு எழுத்து வராது மகன், எழுதாததைக் கேட்க வரும்.

ஹாஜறா கேட்டால் “எனக்கு ஒண்டுமில்ல உம்மா” என்கிறாயாம். குரல் பானைக்குள்ளிருந்து வருகிறதாம். என்ன வருத்தம் என்று சரியாக எழுது.

மூத்தாப்பா


கண்டி
04.12.2024

அன்பின் மூத்தாப்பாவுக்கு,

ஸலாம். ஊரில் வெள்ளம் என்று கேள்விப்பட்டேன். வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை என்று உம்மா சொன்னா. அல்ஹம்துலில்லாஹ். நான் இப்போது சுகம். இப்போது சுகம் என்பதால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய கொத்தமல்லியைக் குடித்துக்கொண்டு, பழைய தடிமல்தானே என்று இருந்தேன். அது வேறு, இது வேறு என்று பிறகுதான் தெரிந்தது. தடிமல் மெல்ல மெல்ல வரும். இது ஒரு மத்தியானம் நூலகத்தில் இருக்கும்போது வந்து விழுந்தது. நடுங்கியது. சூடடிக்க மாடு மிதித்த வைக்கோல் மாதிரி உடம்பு முழுக்க நொந்தது. கண்ணை அசைத்தால் வலி. பரீட்சைக்கு முழித்த களைப்பு என்று சொல்லிக்கொண்டு போய்ப் படுத்தேன். எழும்ப முடியவில்லை.

அறைக்காரன்தான், “டேய், இது டெங்கோ என்னவோ, நீயா முடிவெடுக்காத, எழும்பு” என்று சட்டையை மாட்டி, தோளில் தாங்கி, கம்பஸ் வைத்திய நிலையத்துக்குக் கொண்டுபோனான். இரத்தம் பார்த்தார்கள். டெங்கு இல்லை, இன்புளுவென்சா. பனடோலும் ஓய்வும் தண்ணீரும் போதும் என்றா டொக்டர். ஆனால் இரண்டு பேரையும் பார்த்து ஒன்று சொன்னா: மூச்சு முட்டினால், நெஞ்சு நொந்தால், அல்லது காய்ச்சல் விட்டுவிட்டுத் திரும்ப வந்தால் ஒரு மணித்தியாலமும் தாமதிக்கக் கூடாது. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு. அதனால் அவனுக்குத் தனியாகச் சொன்னா: “உமக்குக் காய்ச்சல் தொடங்கினா அண்டைக்கே வரணும். இதுக்கு மருந்து இருக்கு, பிந்திக் குடுத்தா வேலை செய்யாது.”

மாஸ்க் போட்டுக்கொண்டு அதே அறையில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டான். கஞ்சி வைத்தான். நான் சத்தி எடுத்ததைக் கழுவினான். விரிவுரையாளருக்கு எழுதி, கொடுக்க வேண்டிய வேலைக்குத் தவணை வாங்கினான். உம்மாவிடம் மறைக்கச் சொன்னது நான்தான்.

நீங்கள் கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். அவன் பெயர் டிலக்சன். ஊர் பாண்டிருப்பு.

ஷிப்லி


மருதமுனை
09.12.2024

ஷிப்லிக்கு,

ஸலாம். நீ சுகமானதற்கு அல்லாஹ்வுக்குப் புகழ்.

அந்தப் பொடியன் செய்தது நல்ல காரியம். இல்லை என்று சொல்ல மாட்டேன். நன்றி சொல்லு. சொல்லிவிட்டு அந்த அறையை விட்டு வா.

மருதமுனைக்கும் கல்முனைக்கும் நடுவில் தமிழாக்களின் ஊர் பாண்டிருப்பு. பஸ் ஏறினால் அதற்குள்ளால்தான் போக வேண்டும். தொண்ணூறாம் ஆண்டு, இரண்டு பக்கமும் பகைத்து நின்ற நேரம், என் தம்பி ஜவுபர் சாரன் துணிப் பொதியை சைக்கிளில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனான். பொதியில் நீலக் கோடு போட்டது பன்னிரண்டு, பச்சை எட்டு. கட்டிவிட்டது நான். “காக்கா, பகலைக்குச் சோத்த மூடி வையுங்க” என்று சொல்லிப்போட்டுப் போனான். சைக்கிள் மட்டும் பாண்டிருப்பு மதகடியில் சாத்தி நின்றது. பூட்டிக் கிடந்தது. திறப்பு அவனிடம். செய்தது யார் என்று அன்றும் ஒருவரும் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து பஸ் அங்கே நிற்கும்போதெல்லாம் நான் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு இருப்பேன். ஒருநாளும் இறங்கியதில்லை.

நம்முடைய வீதி முஸ்தாக் கண்டியில் துணிக்கடை வைத்திருக்கிறான். கடைக்கு மேலே அறை இருக்கிறது. ஹாஜறாவைக் கொண்டு கதைத்துவிட்டேன். வருகிற சனிக்கிழமை வான் கொண்டு வருவான். சாமானைக் கட்டி வை. அந்த அறையில்தான் இருப்பேன் என்றால் எனக்கு உன் கடிதம் வேண்டாம். என் ஜனாஸாவைத் தூக்கவும் வராதே.

மூத்தாப்பா

(தம்பி, நான் பஹ்மிதா. ஒரு சொல்லும் மாற்றவில்லை. எழுதி முடிந்ததும் திரும்ப வாசிக்கச் சொல்வார், தான் சொன்ன ஒரு சொல்லும் அவருக்கு மறக்காது. கடைசி வரியை எழுதாமல் விட்டுப் பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டார்.)


கண்டி
19.12.2024

அன்பின் மூத்தாப்பாவுக்கு,

ஸலாம். சனிக்கிழமை முஸ்தாக் காக்கா வந்தார். நான் வந்துவிட்டேன். அறை நல்ல வெளிச்சம். பள்ளிவாசல் கிட்ட. திங்கட்கிழமை பரீட்சை.

டிலக்சன் சாமான் கட்ட உதவவில்லை. படுத்திருந்தான். போ என்றுதான் சொன்னான்.

ஷிப்லி


மருதமுனை
29.12.2024

அன்புள்ள பேரனுக்கு,

ஸலாம். உன் உம்மாவும் நானும் சுகம். வெள்ளம் வடிந்த வயலில் கொக்கு நிற்கிறது. நீ என் சொல்லைக் கேட்டதில் என் நெஞ்சு ஆறியது. பெரிய படிப்புப் படிக்கிறவன், படியாதவன் சொன்னதைக் கேட்டான் என்று பள்ளியில் நாலு பேரிடம் சொன்னேன்.

கடிதம் ஏன் மெலிந்து போனது? எனக்கு வாசிக்க வராது, வரி தெரியும். போன கடிதம் தாளின் அடியைத் தொட்டது. இது தலையில் நிற்கிறது. எழுத்தும் சாய்ந்து கிடக்கிறது. சாப்பிடுகிறாயா? இருமல் விட்டதா?

பரீட்சை எப்படி என்று எழுது. அடுத்த பஸ்ஸில் தொதல் அனுப்புகிறேன். முஸ்தாக்குக்கும் ஒரு துண்டு கொடு, முழுதும் கொடுக்காதே, அவன் உம்மாவின் வழியில் எல்லாருக்கும் வாய் பெரிது.

மூத்தாப்பா


மருதமுனை
18.01.2025

ஷிப்லிக்கு,

ஸலாம். உன்னிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. தொதல் கிடைத்தது என்று முஸ்தாக் சொன்னானாம். நீ சொல்லவில்லை. ஹாஜறா போன் எடுத்தால் “பிறகு கதைக்கிறன் உம்மா” என்று வைக்கிறாயாம்.

நேற்று மீன் வாங்கப் போனேன். பாண்டிருப்புக்காரன் ஒருவன் சூரை வெட்டிக்கொண்டே பக்கத்தில் நின்றவனிடம் கதைத்தான். கம்பஸில் படிக்கும் ஒரு பொடியனைக் கண்டியில் மெசினில் போட்டு வைத்திருந்தார்களாம். மூச்சு எடுக்க ஏலாமல் கிடந்தானாம். எனக்குக் காது மந்தம், ஆனால் கேட்கக் கூடாதது மட்டும் துல்லியமாகக் கேட்கும். யாருடைய மகன் என்று நான் கேட்கவில்லை. மீனை வாங்காமல் வந்துவிட்டேன்.

நீ எழுது.

மூத்தாப்பா


கண்டி
27.01.2025

மூத்தாப்பாவுக்கு,

ஸலாம். நீங்கள் கேட்டது டிலக்சனைப் பற்றித்தான்.

முஸ்தாக் காக்கா வான் கொண்டு வந்ததற்கு முதல் நாள் பின்னேரம் அவனுக்குக் காய்ச்சல் தொடங்கியது. எனக்கு வந்தது போலவே, ஒரேயடியாக. எனக்குத் தெரியும். அன்றைக்கே டொக்டரிடம் போக வேண்டும் என்பதும் தெரியும். காலையில் கூட்டிப் போகிறேன் என்றேன். காலையில் வான் ஒழுங்கையில் ஹோர்ன் அடித்தது. “உன்ட ஆக்கள் நிக்காங்க, போ. நான் பின்னேரம் ஓட்டோ பிடிச்சிப் போறன்” என்றான். உங்கள் கடிதம் என் பையில் இருந்தது. போனேன்.

அவன் போகவில்லை. திங்கள் செய்தி அனுப்பினேன். “காய்ச்சல் விட்டிட்டு, நீ படி” என்று பதில் வந்தது. பிறகு பதில் வரவில்லை. என்மேல் கோபம் என்று நினைத்தேன். கோபம் என்று நினைப்பது எனக்கும் வசதியாக இருந்தது, நேரே போய் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. உங்களுக்கு மெலிந்த கடிதம் எழுதினேனே, அன்றுதான் காய்ச்சல் திரும்பியிருக்கிறது. அடுத்த நாள் வாடகை வீட்டு அம்மா கதவைத் தட்டித் திறந்து பார்த்திருக்கிறா. உதடு நீலம். என்ன நாள் என்று கேட்டதற்கு ஊர்ப் பெயரைச் சொல்லியிருக்கிறான். அம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். நெஞ்சு முழுக்கச் சளி கட்டி, மெசினில் வைத்தார்கள்.

டொக்டர் சொன்ன அறிகுறி எல்லாம் எங்கள் இரண்டு பேருக்கும் பாடம். ஆனால் அந்த வருத்தம் வந்தவனுக்குத் தன்னைத் தெரியாது, மூத்தாப்பா. கூட இருப்பவன்தான் பார்க்க வேண்டும். எனக்கு வந்தபோது அவன் இருந்தான்.

உயிர் தப்பிவிட்டான். போன கிழமை அவனுடைய அம்மா ஊருக்குக் கொண்டுபோய்விட்டா. பரீட்சை எழுதவில்லை, ஒரு வருடம் போய்விட்டது. நெஞ்சு பழையபடி வருமா என்று ஆறு மாதம் கழித்துத்தான் சொல்வார்களாம்.

உங்கள் முழங்கால் சுகமாக துஆச் செய்கிறேன்.

ஷிப்லி


மருதமுனை
11.02.2025

ஷிப்லிக்கு,

ஸலாம். முழங்கால் அப்படியே.

ஞாயிற்றுக்கிழமை கல்முனை பஸ்ஸில் ஏறினேன். பாண்டிருப்பில் நின்றது. இறங்கினேன். கண்டக்டர் என்னைத் தெரிந்த பொடியன், “அப்பா, இது சந்தை இல்ல” என்றான். தெரியும் என்றேன். மதகு இப்போது கொங்கிறீட். சைக்கிள் சாத்தி நின்ற மதில் இல்லை.

வீட்டைக் கேட்டுக்கொண்டு போனேன். தொப்பியைக் கண்டு நாய் குரைத்தது. அந்தப் பொடியனின் அம்மா எட்டிப் பார்த்தா. ஷிப்லியின் மூத்தாப்பா என்றேன். உடனே உள்ளே போய்க் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து, சீலைத் தலைப்பால் துடைத்துப் போட்டா.

“இரிங்க ஐயா. உங்கட பேரனைப் போல ஒரு புள்ளைய நான் காணல்ல. என்ட மகனுக்கு இழுப்பு என்டு தெரிஞ்சி, தன்ட இருமல் தொத்திரும் என்டு தானே அறைய விட்டுப் போயிருக்கான். மகன்தான் சொன்னான். உங்கட வளர்ப்பு ஐயா” என்றா.

நான் இருந்தேன். தேத்தண்ணி தந்தா. சுவரில் மாலை போட்ட ஒரு வாலிபனின் படம் இருந்தது. வயது எங்கள் ஜவுபரின் வயதுதான். யார் என்று நான் கேட்கவில்லை, அவவும் சொல்லவில்லை. பொடியன் கட்டிலில் சாய்ந்திருந்தான். எலும்பும் கண்ணும்தான். நாலு சொல் கதைத்தால் மூச்சு மருந்துப் பம்பை வாயில் வைத்து இழுக்கிறான். என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். “குடிங்க ஐயா, ஆறிடும்” என்று மட்டும் சொன்னான். குடித்தேன். சீனி தூக்கலாக இருந்தது.

நீ அவனிடம் பொய் சொல்லியிருக்கிறாய். அறையை விட்டதற்குக் காரணம் இருமல் என்று சொல்லியிருக்கிறாய். அவன் அதை நம்பித் தாயிடம் சொல்லியிருக்கிறான். நான் உன்னைக் குறை சொல்லவில்லை. அந்தப் பொய்யில் எனக்கும் ஒரு கதிரை கிடைத்தது. நான் செய்தது பிழை என்றும் சொல்ல மாட்டேன். ஜவுபர் இன்னும் வரவில்லை.

நோன்பு வருகிறது. லீவு கிடைத்தால் ஊருக்கு வா.

மூத்தாப்பா


கண்டி
22.02.2025

மூத்தாப்பாவுக்கு,

ஸலாம். நான் சுகம்.

அந்தக் கதையை நான் சொல்லவில்லை.

மெசினைக் கழற்றிய பிறகு நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்றைக்கு ஏன் அறையை விட்டுப் போனாய் என்று கேட்டான். மறைக்க எனக்கு ஏலவில்லை. உங்கள் கடிதத்தை முழுதும் வாசித்துக் காட்டினேன். நீலக் கோடு பன்னிரண்டு, பச்சை எட்டு, பூட்டிய சைக்கிள், கடைசி வரி, எல்லாம். மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டான்.

பிறகு, அம்மாவிடம் தான் வேறு கதை சொல்லப்போவதாகச் சொன்னான். ஏன் என்றேன். “உண்மையச் சொன்னா அம்மா உன்ன எங்கட படலைக்குள்ள எடுக்க மாட்டா. மறுகா, உன்ட மூத்தாப்பாவும் ஒருநாளைக்கு வருவார்டா. வந்தா இருக்க ஒரு கதிரை வேணுமே” என்றான்.

நீங்கள் வருவீர்கள் என்று நான் அப்போது நம்பவில்லை.

பழைய அறைக்கே திரும்பி வந்துவிட்டேன். உம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். அவனுடைய கட்டிலுக்கு வேறு ஆள் எடுக்க வேண்டாம் என்று வீட்டு அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். நோன்புப் பெருநாளைக்கு ஊருக்கு வரும்போது அவனைப் பார்க்கப் போவேன். வட்டிலப்பம் கொண்டு வரச் சொல்லியிருக்கிறான். அவனுடைய அம்மாவும் வரச் சொன்னா.

ஷிப்லி


மருதமுனை
13.03.2025

ஷிப்லிக்கு,

ஸலாம். நோன்பு நல்லபடி போகிறது. ஹாஜறா சுகம்.

உன் கடிதத்தைப் பஹ்மிதா இரண்டு தரம் வாசித்தாள். மூன்றாம் தரம் வாசிக்க வந்தபோது போதும் என்றேன். மனதில் நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை திரும்பவும் பாண்டிருப்பில் இறங்கினேன். அந்த அம்மா படலையைத் திறந்து வைத்தா. “நோன்பு காலம், தேத்தண்ணி தரல்ல ஐயா, கோவிக்காதீங்க” என்று சொல்லிக் கதிரையை மட்டும் போட்டா. அதே கதிரை.

நான் இருக்கவில்லை. பத்தொன்பது இருபது வயதுப் பொடியன், நான் கொன்றுபோடப் பார்த்த பொடியன், எனக்காகப் பொய் சொல்லிப் போட்டு வைத்த கதிரையில் எனக்கு இருக்க ஏலாது மகன். அப்படிப்பட்ட இரக்கத்தை வாங்கிப் பழக்கமில்லை. நின்றபடியே சொன்னேன். என் தம்பியைச் சொன்னேன். நான் எழுதுவித்த கடிதத்தைச் சொன்னேன், பஹ்மிதா எழுதாமல் விடப் பார்த்த வரியையும் சேர்த்து. வான் வந்தபோது அவ மகனுக்குக் காய்ச்சல் தொடங்கியிருந்ததையும் சொன்னேன்.

உள்ளேயிருந்து பொடியன், “ஐயா, வேணாம்” என்று சத்தம் போடப் பார்த்தான். பாதியில் இருமல் பிடித்துக்கொண்டது.

அவ அழவில்லை. ஏசவுமில்லை. “நான் நிம்மதியாத்தானே இருந்தன். மறுகா என்னத்துக்கு வந்து சொல்றீங்க?” என்றா.



அவ கதிரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனா. நான் படலையைச் சாத்திவிட்டு, பஸ் வரும்வரைக்கும் மதகடியில் நின்றேன்.

பெருநாளைக்கு நீ வா. அந்த வீட்டுக்கு வட்டிலப்பம் வைக்கச் சொல்லி ஹாஜறாவிடம் நான் சொல்லவில்லை.

மூத்தாப்பா